நாலு செக்கன்

இருபத்திரண்டாம் நிமிடத்தில்
ஒருவரும் கதைக்காத நாலு செக்கன் இருக்கிறது.
அதற்குள் நான் ஒரு வரி வைக்க வேண்டும்.
நீண்டால் அடுத்து வரும் கதவுச் சத்தத்தை மிதிக்கும்.
வைக்காமல் விட்டால்
றிஸ்மினா காதைச் சரித்தபடி
வெறும் ஃபேன் சத்தத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

முதலில் எழுதினேன்:
அவன் சோகமாக நிற்கிறான்.
நிற்கவில்லை, அவன் சக்கர நாற்காலியில் இருந்தான்.
திருத்தினேன்: சோகமாக இருக்கிறான்.

வெள்ளவத்தை எடிட்டிங் அறையில்
வெள்ளைக்கோலை மடித்து மடியில் வைத்திருந்தவள்
ஹெட்ஃபோனைக் கழற்றினாள்.
"சோகமெண்டு நீங்க ஏன் முடிவெடுக்கிற?
கை என்ன செய்யுது, அதச் சொல்லுங்க.
அழுறதா இல்லையாண்டு நான் பாத்துக்குறன்."

மூன்று கிழமை.
விரல்கள் நடுங்குகின்றன என்றெழுதினேன். நடுங்கவில்லை.
சுவரை வெறிக்கிறான் என்றெழுதினேன்.
சுவரே அந்த ஷொட்டில் இல்லை.
கண்ணிருந்து என்ன,
அறுபதாவது தரம் ஓடவிட்டபோதுதான் நகத்தைக் கண்டேன்.

பழுதான லிஃப்டின் பொத்தானை நகத்தால் அழுத்துகிறான். மறுபடி.

அளந்தேன். மூன்று செக்கன், எண்பது.
றிஸ்மினாவுக்குச் சொல்லவில்லை.
படத்தோடு கேட்கட்டும் என்றொரு சின்னப் பெருமை.

திரையிட மண்டபம் கிடைத்தது.
ஏசி, நல்ல ஸ்பீக்கர், வாசலில் பதினொரு படி.
"படத்துக்குக் கீழ எழுத்து ஓடினா அழகு கெட்டுடும்" என்ற பொறுப்பாளர்
படிக்கு மட்டும் வழி வைத்திருந்தார்:
"நாலு பேர் பிடிச்சா கதிரையோட தூக்கிடலாம் தம்பி."
இயக்குநர் தவரூபன் சக்கரத்தைத் திருப்பினான்.
"நாலு பேர் தூக்கிற நாள் ஒண்டு வரும் அண்ணை.
இண்டைக்கு நான் உயிரோட இருக்கிறன்."

ஆகவே, கடற்கரைப் பக்கம்
ஒரு மாடிக் கட்டடத்தின் கார்த் தரிப்பிடம்.
எண்ணெய்க் கறை, உப்புக் காற்று,
இரண்டு தூண்களுக்கிடையில் வெள்ளைச் சீலை.
காவலாளி சுனிமல் கார்களை வெளியே எடுப்பித்துவிட்டு
வாளியைக் கவிழ்த்து அதன் மேல் அமர்ந்தார்.
மண்டபத்துப் பொறுப்பாளரும் வந்திருந்தார்,
ஏனென்று நாங்கள் கேட்கவில்லை.

சரியாக இருபத்திரண்டாம் நிமிடத்தில்
பாணந்துறைக் கோச்சி வந்தது.
என் மூன்று கிழமையை
எட்டுப் பெட்டிகளும் ஏறி மிதித்துப் போயின.
அதற்குப் பிறகு வந்த வசனங்களும் போயின.
காது கேட்கிற அத்தனை பேரும்
கீழே ஓடிய எழுத்துக்குக் கண்ணை இறக்கினார்கள்.
பொறுப்பாளரின் உதடு எழுத்துக்கூட்டி அசைந்தது.
முன்வரிசையில் நிரோஜினி மட்டும்
பாதத்துக்குக் கீழே தரை அதிர்வதைத்
தோழிக்குக் கையால் சொல்லிச் சிரித்தாள்.

முடிந்ததும் றிஸ்மினா கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள்:
"கோச்சி போறப்ப அங்க என்ன நடந்த?"
கோபத்தில் குத்துகிறான் என்றார் ஒருவர்.
சும்மா தட்டுகிறான், பொழுது போகவில்லை என்றது ஒரு குரல்.
யாரையோ கூப்பிடுகிறான் போல என்றார் சுனிமல், சிங்களத்தில்.

தவரூபன் தலையைச் சொறிந்தான்.
"நான் நடிகருக்கு ஒண்டும் சொல்லிக் குடுக்கேல்ல.
லிஃப்ட் மெய்யாவே பழுது.
அவர் மெய்யாவே மேல போக வேண்டியிருந்தது.
கமராவ நிப்பாட்ட மறந்துபோனன், அவ்வளவுதான்."

கொஞ்ச நேரம் கடல் மட்டும்.

பிறகு நான் அவள் காதருகே குனிந்து
என் வரியைச் சொன்னேன்.
இரண்டு தரம் கேட்டாள். நகம் பிடித்திருந்தது.
"மறுபடிண்டு எதுக்கு?
பொத்தான்ட சத்தம் ரெண்டு தரம் கேக்கும்தானே."

பொத்தானுக்குச் சத்தம் இருக்கிறதா?

இரவே அறையைத் திறந்து, ஃபேனை நிறுத்தி,
அந்த ஒரு சொல்லை வெட்டியெடுத்தேன்.
அதன் அடியில்,
இத்தனை நாளாக என் குரலுக்குக் கீழே கிடந்து,
டிக்.