பூச்சிய வழு

மூன்றாந் தடவை எழுதுகிறேன் உயிரியல்.
முதல் தடவை எஃப்.
இரண்டாந் தடவை, பரீட்சையன்று விடியற்காலை
மண் சரிந்து பஸ் வரவில்லை.
இடையில் இரண்டு வருஷம் கட்டுநாயக்காவில்
காற்சட்டைப் பைகளுக்கு வாய் தைத்தேன்.

மழை. எட்டு மணிக்கே கரண்ட் போய்விட்டது.
தயாளினியின் போன் வெளிச்சத்தில்
முதலாம் அலகிலிருந்து தொடங்குகிறோம்.
"சுவர் யாருக்கு உண்டு?"
தாவரக் கலத்துக்கு. விலங்குக்கு மென்சவ்வு மட்டும்.
"மென்சவ்வு என்ன செய்யும்?"
தேர்ந்து புகவிடும்.
பக்கத்துக் காம்பராவின் இருமல்
பலகைத் தடுப்பைத் தாண்டி வந்து
எங்கள் பாயில் உட்காருகிறது.
இந்தத் தடுப்பு தேர்ந்தெடுப்பதில்லை,
எல்லாவற்றையும் விடும்.

பிரசாரணத்தில் அவளுக்கு எப்போதும் தடுமாற்றம்.
நீர் எந்தப் பக்கம் போகும் என்றால்
கூரையைப் பார்ப்பாள்.
மத்தியானம் பதினோராம் நம்பர் மலைக் குறுக்குப் பாதையில்
கணுக்காலில் ஏறிய அட்டைக்கு உப்புப் போட்டாயே,
சுருண்டு ஈரமாய் விழுந்ததே,
உப்பிருந்த பக்கம் அதன் தண்ணீர் போயிற்று,
அவ்வளவுதான் என்றேன்.
"பாவம்" என்றாள், அட்டைக்கு.
பாவத்துக்குப் புள்ளித் திட்டத்தில் இடமில்லை.

எங்கள் பள்ளிக்கூடத்து நுணுக்குக்காட்டி ஒன்றே ஒன்று.
வெங்காயத் தோலென்று நான் கூர்மையான பென்சிலால் வரைந்து
கலச்சுவர், கரு, புன்வெற்றிடம் என்று பெயரிட்டது எல்லாம்
வில்லையில் வளர்ந்திருந்த பூஞ்சணம்.
அதற்கும் சரி போட்டிருந்தார்கள்.

கீழே பெக்டரியில் ராத்திரிக் கொழுந்து அரைபடுகிறது.
அந்த வாசனை வந்ததும் நொதியத்துக்குத் தாவினோம்.
கலம் உடைய, நொதியம் வெளிவர,
காற்றுப் பட்டு இலை செம்பு நிறமாகும்.
பெக்டரியில் அதை நொதிப்பு என்பார்கள்.
நொதிப்பல்ல, ஒட்சியேற்றம்.
அண்ணனிடம் சொன்னேன். "ரெண்டுக்கும் ஒரே சம்பளம்" என்றான்.

கடைசியாக அளவீடு.
"பூச்சிய வழு?"
எதையும் அளக்காதபோதே
கருவி காட்டுகிற அளவு.
ஒவ்வொரு வாசிப்பிலும் அது ஒட்டிக்கொண்டு வரும்,
என்று ஒப்புவித்துக்கொண்டு போனவள்
நடுவில் நின்றேன்.

அண்ணியின் கைக்கு இருபது கிலோ தெரியும்.
புத்தகத்தில் பதினேழு விழுகிறது.
பதினெட்டு இல்லாவிட்டால் அரைப்பேர்.
நாளைக்கு மூன்று நிறுவை.
மூன்றை மூன்றால் வகுத்தேன்.

மறுநாள் பகல் கொழுந்து மடுவத்தில்
சாக்குகளின் வரிசையில் நானும் நின்றேன்,
கையில் ஐந்து கிலோ அரிசிப் பை, தையல் பிரிக்காதது.
வெறுங்கொக்கி ஆடிக்கொண்டிருந்தது.
முள் பூச்சியத்துக்குக் கீழே
ஆணியில் முட்டி நின்றது.
இத்தனை வருஷம் அதை யார் பார்த்தார்?
பார்ப்பதற்குள் அடுத்த சாக்கு ஏறிவிடும்.

மாட்டினேன்.
நான்கு.

கணக்கப்பிள்ளை என்னைப் பார்க்கவில்லை,
பையைப் பார்த்தார்.
"மழைக்காலம். அரிசியும் ஈரம் புடிச்சிருக்கும்."
வரிசையில் பின்னாலிருந்து பாக்கியசீலியின் குரல்:
"ஈரம்னா கூடத்தானேங்க காட்டணும்?"
யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும்.
அவர் பேனை மூடியைத் தேடினார்,
அது பேனையில்தான் இருந்தது.

ராத்திரி தயாளினி சொன்னாள்,
"ஒரு வாசிப்பு போதாது. மூணு எடுத்து சராசரி."
செய்முறைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில்
அடிமட்டம் வைத்துக் கட்டம் போட்டோம்:
உண்மை நிறை, வாசிப்பு, வழு.
முதல் வரிசை நிரம்பியது.
மற்ற இரண்டும் வெறுமை.
மாதிரிப் பொருளோ
அண்ணியின் உலையில் வெந்துகொண்டிருந்தது.

"ஒடுக்கற்பிரிவு, முதலாம் அவத்தை" என்று அவள் தொடங்க
கதவு தட்டப்பட்டது.
பாக்கியசீலி. தலையில் சாக்குக் கொங்காணி,
அதற்குள் நனையாமல் ஒரு கோதுமை மாப் பை.
"பிரிக்கல, பாத்துக்க" என்றாள்.
"நாளைக்கு நிறுத்ததும் குடுத்துரு,
புள்ளைகளுக்கு ரொட்டி சுடணும்."