இரண்டு விரல் இடைவெளி

கட்டும் துணிக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே
இரண்டு விரல் நுழைய வேண்டும்.
முதல் வருடப் பாடம்.
தேர்வில் கேட்டார்கள், எழுதினேன், ஐந்து மார்க்.

நேற்று இரவு மூன்று பத்துக்கு
ஒரு விரல்கூட நுழையவில்லை.

அவள் பெயர் நாகவேணி. மண்டியாவிலிருந்து கொண்டுவந்தார்கள்.
கடித்தது இடது முன்கையில்,
போன மாதம் வேறொருத்தி கடித்த தழும்புக்கு
அரை அங்குலம் மேலே.
நாற்பத்திரண்டு கட்டில். நான், ஜெசிந்தா,
வாசலில் தூங்கும் ஓர் அட்டெண்டர்.
ஜெசிந்தா கழிப்பறையில் இருந்தாள்.
அழுதாளா, போன் பார்த்தாளா,
நான் கேட்பதில்லை. அவளும் என்னைக் கேட்பதில்லை.

முடிச்சை இழுத்தபோது
எனக்கு நன்றாக இருந்தது.

இதை எந்த ரெஜிஸ்டரில் எழுத?
'நோயாளி கொந்தளிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு,
'ஊசி போடப்பட்டது' உண்டு, நேரம் உண்டு,
கையெழுத்துக்கு இடம் உண்டு.
போட்டேன்.

போன செவ்வாய் எங்களுக்கு மன அழுத்த வகுப்பு.
நைட் முடித்தவர்களும் கட்டாயம் இருக்க வேண்டும்.
கண்ணை மூடி ஒரு கடற்கரையை நினையுங்கள் என்றான்
மைக் பிடித்த பையன்.
பெங்களூரில் கடலுக்கு எங்கே போவேன்.
எனக்கு வந்தது சில்க் போர்டு சிக்னல்,
அதிலும் சிவப்பு.
அப்படியே தூங்கிப்போனேன்.
'பாருங்கள், எவ்வளவு ரிலாக்ஸாக இருக்கிறார்'
என்று என்னைக் காட்டிச் சொன்னானாம்.
டீ, பிஸ்கட், ஒரு சான்றிதழ்.

கோபத்தைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும்,
அடுத்தவர் கோபம்.
குரலைத் தாழ்த்து. உள்ளங்கையைத் திறந்து காட்டு.
கதவு உன் பக்கம் இருக்கட்டும்.
என்னுடையதற்கு எந்தப் பக்கமும் கதவில்லை.
அது லிங்கராஜபுரம் வரை பஸ்ஸில் கூடவே வந்து
பால் பாக்கெட்டைப் பல்லால் கிழிக்கிறது.
ஷூ லேஸ் கட்டிவிட்டால்
மகன் சொல்கிறான்:
'அம்மா, டைட்.'

நாலு மணிக்குத் திரும்பிப் போனேன்.
விழித்துத்தான் இருந்தாள்.
கை வீங்கியிருந்தது.
தளர்த்தினேன். ஒரு விரல்.
இரண்டு.
உள்ளே போன விரல்களை
அவள் பிடித்துக்கொண்டாள்.
பாசமெல்லாம் இல்லை, நகம் இறங்கியது.
நான் இழுத்துக்கொள்ளவில்லை.

பதினேழாம் கட்டிலில் யாரோ
'சிஸ்டர், நீரு... நீரு...' என்று கூப்பிடும்வரை
இருந்தோம்,
அப்படியே.