பின்னால் வருகிறவருக்கு

மூன்று ஜோடிகளை எடுத்துக்
கண்ணாடி மேசைமேல் வைத்தான் ஆ லியோங்.
ஒன்று சதுரம், வெட்டிவைத்த ஜெல்லி.
அடுத்தது வேண்டாம், பூனை முறைப்பதுபோல் இருக்கிறது.
மூன்றாவது வட்டம். குரோம் விளிம்பு,
நடுவே புடைத்த சிவப்பு.
'பார்க்கத்தான் பழைய மாடல், உள்ளே எல்லாம் எல்இடி'
என்று நகத்தால் தட்டிக் காட்டினான்.
சதுரம் எழுபது வெள்ளி.
வட்டத்துக்கு இன்னும் அறுபது.

எனக்கு வண்டிகளின் முகம் தெரியாது.
பாகாவுக்கு வெளியே செம்பனை ஆலையில்
பதினெட்டு வருஷமாய் எடைமேடைக் கிளார்க்.
என் சன்னல் வெளியேறும் பக்கம் பார்த்தது.
லோரிகள் எனக்கு முதுகால்தான் அறிமுகம்.
சன்னாசியின் லோரிக்கு இடது கண் இல்லை,
மைலோ டின்னை வெட்டி அடித்திருக்கிறார்.
ஹஃபிஸ் ஓட்டுவதில் விளக்குக்குள் மழைத்தண்ணீர்,
பிரேக் பிடித்தால் மீன்தொட்டி.
சிவப்புத்தாள் ஒட்டிய வெள்ளை விளக்குகள்,
குலை சரிந்து பாதி மூடிய விளக்குகள்.
எடை எழுதி, சீட்டைக் கிழித்து, நிமிர்ந்தால்
போய்க்கொண்டிருக்கும்
ஏதோ ஒரு சிவப்பு.

இந்த மாதம் நானும் போகிறேன்.

டிராக்டர் இழுத்துக் கழித்த டிரெய்லர், ஏலத்தில் வந்தது.
அதன்மேல் பலகையும் தகரமும் ஏற்றி
ஆறடிக்கு நாலடியில் ஓர் அறை செய்துவிட்டார்
என் வீட்டுக்காரர் அப்பளசாமி, வெல்டிங்காரர்.
அளவெடுக்கும்போது தன் உயரத்தை மறந்துபோனார்.
அவர் கால் நீட்ட, கதவைத் திறந்துவைக்க வேண்டும்.
ரொம்பின் கடற்கரையில் இரண்டு இரவு.
'ஹோட்டல் ஒரு கிளிக்தானேம்மா' என்கிறாள் மகள்.
ஒரு கிளிக்தான்.

'சதுரத்தையே எடு' என்றார் கடையில்.
'பின்னால் எரிவதை நாமா பார்க்கப்போகிறோம்?'
பதில் தெரியவில்லை.
வட்டத்துக்குப் பணத்தை எண்ணினேன்.

ராத்திரியே மாட்டினோம்.
இடது சிக்னல் காய்ச்சல்காரன் நாடிபோலப் படபடத்தது.
எல்இடி குடிக்கிற மின்சாரம் ஒரு மிடறுதானாம்,
பல்பு செத்துவிட்டதென்று கார் பதறுகிறதாம்.
இல்லையம்மா, உயிரோடுதான் இருக்கிறது
என்று காருக்குச் சொல்ல ஒரு ரெசிஸ்டர், நாலு வெள்ளி.
எர்த் வயரையும் துரு போகச் சுரண்டி முடுக்கினார்.
டிக்.
டிக்.
இப்போது சரி.

'பிரேக்கை மிதித்தபடி இருங்கள்' என்றுவிட்டுத்
தோட்டத்துச் சாலையில் பின்னோக்கி நடந்தேன்,
காலடியை எண்ணிக்கொண்டு.
ஐம்பதில் இரண்டும் ரம்புத்தான்.
நூறில் மழை தூறியது. தூறட்டும்,
மழையிலும் பார்த்துவிடலாம்.
இருநூற்று நாற்பதில் இரண்டு குன்றிமணி.
அதைவிடச் சின்ன எடைக்கு என்னிடம் சீட்டு இல்லை.

என்னை உரசினாற்போல் கடந்தது ஒரு மோட்டார்.
முன்விளக்கு கிடையாது, பின்னால் அரிசி மூட்டை.
நேரே போய் டிரெய்லருக்குப் பின்னால் நின்றது.
முந்தவில்லை. ஹார்ன் அடிக்கவில்லை.
பக்கத்தில் ஒரு லோரி போகிற அளவுக்கு இடம் கிடந்தது.
ஒரு காலைத் தரையில் ஊன்றி
நனைந்துகொண்டு நின்றான்.

நான் திரும்பி நடந்து சேரும்வரை நின்றான்.
புதுசாய் வந்த இந்தோனேசியப் பையன்,
முகம், சட்டை, அரிசி மூட்டை எல்லாம் சிவப்பு.
'ஏன் தம்பி, போகலாமே?' என்றேன் மலாயில்.
'விளக்கு போட்டிருக்கிறீர்களே, காக்கா.
முன்னால் யானையோ என்று நினைத்தேன்.'

காருக்குள்ளிருந்து அப்பளசாமி கத்தினார்:
'கால் மரத்துப்போச்சு, எடுக்கலாமா?'

இன்னும் கொஞ்சம் என்றேன்.