ஒன்பதாவது ஆணி

இணைப்பைத் துண்டிக்கச் சொல்லி மனு வந்திருந்தது.
பல்லடத்துக்குத் தெற்கே, ஊத்துக்காட்டுப்பாளையம் பிரிவு,
தொழிற்பயிற்சிப் பள்ளி. மூடிப் பதினோரு வருஷம்.
விண்ணப்பதாரர்: இடத்தை வாங்கியவர்.
காரணம்: இடிப்பு.

மீட்டரைக் கழற்ற அரை மணி நேரம் போதும்.
ஆனால் அட்டையில் ஒன்று உறுத்தியது.
ஆளில்லாத கட்டடம்
இரண்டு மாதத்துக்கு ஒன்பது யூனிட் தின்றிருக்கிறது.
ஒரு முறைகூட எட்டில்லை, பத்தில்லை.
திருட்டு இத்தனை ஒழுங்காக இருக்காது.

கேட்டுக்குள் சீமைக்கருவேலம் நிமிர்ந்து நின்றது,
வருகைக்குப் பேர் கொடுக்க வந்த மாதிரி.
பட்டறைக்கூடத்தின் கூரை ரம்பப் பல்.
வடக்குப் பார்த்த கண்ணாடிகளில் பாதி இல்லை,
மீதியில் புறாக்களின் எச்சம்.
லேத்துகள் நின்ற இடத்தில்
நான்கு நான்காக போல்ட்டுகள் தரையைக் குத்திக்கொண்டு நிற்கின்றன.
எண்ணினேன். பதினேழு லேத்துகள்.
ஏலம் எடுத்தவன் நட்டுகளைக்கூட விடவில்லை.

சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு மைக்ரோமீட்டர்,
எனாமல் பெயிண்டில்.
பழக்கதோஷம், படித்துவிட்டேன்:
ஏழு புள்ளி மூன்று எட்டு மில்லிமீட்டர்.
எதன் கனம் என்று எழுதவில்லை.

அலுவலக அறையில் கரையான் விட்டுவைத்த பதிவேடு.
அறுபத்தொன்றில் ஒரு நூல்மில்காரர்
தன் மில்லுக்கு ஃபிட்டர் வேண்டித் தொடங்கியிருக்கிறார்,
இருபத்து நான்கு பேரோடு.
கிணறுகள் ஆழம் போகப் போக
மோட்டார் வைண்டிங் பிரிவு வந்தது, பிறகு இரண்டாம் ஷிப்டு.
பிறகு பனியன் கம்பெனி வேன்கள்
வாசலிலேயே நின்று
சர்டிபிகேட் கேட்காமல் ஆளை ஏற்றிக்கொண்டு போயிருக்கும்.
(இது பதிவேட்டில் இல்லை. என் அண்ணன் அப்படித்தான் போனான்.)
கடைசிப் பக்கத்தில் ஏழு பெயர்கள்,
ஆறாவது அடிக்கப்பட்டிருந்தது.
ஆண், பெண் என்ற கட்டமே எந்தப் பக்கத்திலும் இல்லை.
தேவைப்படவில்லை போல.

மாடிப்படிக்கு அடியில் ஒரு மரப்பெட்டி.
திறந்தால் சூடு.
அலுமினியத் தகட்டில் வெட்டிய வட்டு,
நாளுக்கு ஒரு சுற்று சுற்றும் சின்ன மோட்டார்,
விளிம்பில் ஆணிகள்.
ஆணி வந்து விசையைத் தட்டினால் மணி அடிக்கும்.
'மின்பணியாளர் பிரிவு 94–96' என்று பஞ்ச் குத்தியிருந்தார்கள்,
ஐந்து மட்டும் தலைகீழாக இருந்தது.
எட்டரை, பத்தே கால், பன்னிரண்டு நாற்பது...
எட்டு ஆணிகள் துருவேறிப்போயிருந்தன.
ஒன்பதாவது பளபளவென்று
ராத்திரி இரண்டு மணியில் இருந்தது.

எந்தப் பள்ளிக்கூடத்துக்கும்
ராத்திரி இரண்டு மணிக்குப் பீரியடு கிடையாது.

ஃபியூஸைப் பிடுங்கினேன். வட்டு நின்றது.
கால் மணி கழித்து
மதில் உடைந்த இடத்தில் ஒரு பெண் ஏறி வந்தாள்,
தலையிலும் புருவத்திலும் பஞ்சு.

'சார், கரண்டு போயிருச்சுங்களா, நீங்க எடுத்துட்டீங்களா?
நாந்தானுங் தெய்வாத்தா. சைசிங் வீதித் தறிக்கூடம்.
எட்டுக் கூடமும் இந்த மணிக்குத்தானுங் சாப்படறது.
பில்லு பிரிச்சுக் கட்டிப் போடறமுங்.
கரண்டு போயி வந்தா நான் வந்து வட்டைத் திருப்பி வெப்பனுங்.'

'இந்த ஆணி?'

'ராத்திரி சிப்டுக்குத் தூக்கம் அமுக்கறது அப்பத்தானுங்.
டீ குடிக்க ஒரு மணி வேணுமில்லீங்களா.
நாந்தான் அடிச்சனுங். மொதல்ல ரெண்டே காலுக்குப் போயிருச்சு,
புடுங்கி மாத்தி அடிச்சனுங்.'

'இங்கெ படிச்சியா?'

அவள் சிரிக்கவில்லை.
'பொம்பளைக்கு ஏதுங் இங்கெ சீட்டு?'

விதி எளியது. மீட்டர் வாரியச் சொத்து.
சீல், கட்அவுட், சர்வீஸ் ஒயர், எல்லாம் வாரியச் சொத்து.
தகட்டைப் பற்றி விதியில் ஒன்றுமில்லை.
திருப்புளியை நீட்டினேன்.
நான்கு திருகையும் அவளே கழற்றி
முந்தானை முனையில் முடிந்துகொண்டாள்.
வட்டை இரண்டு கையிலும் ஏந்தி,
ஆணி ஒன்றும் வளையாமல்,
வந்த வழியே மதிலேறிப் போனாள்.

இறுதி அளவு 04417 என்று எழுதினேன்.
'வேறு குறிப்பு' என்ற இடத்தில் கோடு போட்டேன்.

வண்டியை உதைக்கும்போது பன்னிரண்டு நாற்பத்தொன்று.
மதிலுக்கு அப்பால்
எட்டுக் கூடத்திலும் தறிகள்
ஓடிக்கொண்டே இருந்தன.