கொண்டி வைத்த கரும்பலகை

எங்கள் மாதர் சங்கத் தலைவி பெயர் கறுப்பாயி.
நிறமும் அதுதான்.
கூப்பிடுவதற்கும் கேலிக்கும்
ஒரே சொல் போதுமென்று
ஆபீஸ் கிளாக்கருக்குச் சௌகரியம்.

நான் செயலாளர்.
எட்டாம் வகுப்பு வரை போனவள் என்பதால்
பேனா என்னிடம்.
கூட்டக் குறிப்பில் விடுபட்டதை
இங்கே எழுதுகிறேன்.

பசறைக்கு மேலே எங்கள் டிவிஷனில்
பூட்டிக் கிடந்த பழைய மடுவத்தை
மாலை வகுப்புக்குக் கேட்டோம்.
துரை மாட்டேன் என்று சொல்லவில்லை.
பார்ப்போம் என்றார்.
பார்ப்போம் என்பது தோட்டத்தில் ஒரு பருவம்.
மழைக்கும் பனிக்கும் நடுவில் தொடங்கும்,
சில வருஷம் முடியவே முடியாது.
திங்கட்கிழமை பிரட்டில்
எழுபத்தொரு பெண்கள்
கூடையைத் தரையில் வைத்தோம். எடுக்கவில்லை.
ஒன்பது மணிக்குச் சாவி வந்தது,
கணக்கப்பிள்ளையின் சட்டைப்பையில்,
வெற்றிலை வாசத்தோடு.

மடுவம் சரி. கரும்பலகை?
சந்தாப் பணம்
சோக்குக் கட்டிக்கும் இரண்டு பல்புக்குமே போய்விட்டது.
கறுப்பாயி ஒன்றும் பேசாமல்
ஏழாம் லயத்துக்குப் போய்
தன் காம்பராக் கதவைக் கழற்றித்
தலையில் தூக்கி வந்தாள்.
செத்த பற்றரிகளை உடைத்துக் கரியெடுத்து
ஊமத்தை இலையோடு அரைத்து
இரண்டு பூச்சுப் பூசினோம்.
அன்று முதல் அவள் வாசலில் உரச்சாக்கு.
காற்று கேட்காமல் போய் வந்தது.

கணிதம் சொல்ல ஆளில்லை, மூன்று வருஷம்
என்று கல்வி வலயத்துக்கு எழுதினேன்.
கையெழுத்து முப்பத்தொன்று, கைநாட்டு நாற்பது.
பதில் வந்தது:
'தலைவர் ஐயா அவர்களுக்கு.'
"ஐயாவுக்கா? நாளைக்கு மலையில கண்டா
குடுத்திருறேன்" என்றாள் கறுப்பாயி.
சிரித்து முடிக்க எங்களுக்கு
ஒரு நிரை முழுக்க வேண்டியிருந்தது.

ஆனியில் அதிகாரி ஜீப்பில் வந்தார்.
எங்கே உங்கள் தலைவர் என்று
என் தோளுக்கு மேலாகத் தேடினார்.
அவர் பார்த்த திக்கில்
ஒரு சவுக்கு மரம்தான் நின்றது.
இடுப்பில் படங்கு,
நெற்றியில் கூடைக்கயிற்றின் தடம்.
"நாந்தான். கொழுந்து நிறுத்திட்டு வாறேன், ஒக்காருங்க."
அன்றைக்கும் தண்ணீருக்கென்று இரண்டு கிலோ வெட்டினார்கள்.
அந்தச் சண்டையை முடித்துவிட்டுத்தான்
இந்தப் பேச்சுக்கு வந்தாள்.

பேசியது குறிப்பில் இருக்கிறது.
எழுதாதது இது:
புறப்படும்போது அவர் பலகையைத் தடவி
"இதில ஏன் கொண்டி இருக்கு?" என்றார்.
ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.
அட்டை கடித்த காலை
மற்றக் காலால் தேய்த்தபடி நின்றோம்.

ஆசிரியர் இன்னும் வரவில்லை. பார்ப்போம்.
மேல்லயத்து சுபாஷினி
கம்பஸ் லீவு கிடைக்கும்போதெல்லாம் வருகிறாள்.
பஸ் காசு சங்கத்தின் கணக்கு.

ஐப்பசியில் மழை குறுக்கே அடித்தது.
ஏழாம் லயத்தில் பாயும் அரிசிச் சாக்கும் நனைய,
கதவைத் தூக்கிப்போய் மாட்டினோம்,
இரவுக்கு மட்டும்.
அதில் ஒரு சமன்பாடு பாதியில் நின்றது.
துடைக்கப் போன என் கையைப் பிடித்துக்கொண்டாள்.
மிச்சத்தைப் பிள்ளைகள் காலையில் செய்யணுமாம்.

முடியாத கணக்கைச் சாத்தி
கொண்டி போட்டுவிட்டுப் படுத்தாள்.