அரைப்பேர்

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே, இரண்டாம் மாடி.
சாரலுக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
பன்னிரண்டடிப் பதாகையைத் தரையில் விரித்தபோதுதான்
பார்த்தேன்.

கொழுந்து, கொழுந்தாக வரவில்லை.
க தனியே நின்றது.
அப்புறம் கொம்பு, அப்புறம் கால்,
நடுவில் புள்ளி புள்ளியாய் ஒரு வெறும் வட்டம்.
அணைக்க நீட்டிய இரண்டு கைகள்.
அணைப்பில் ஆளில்லை,
ஆள் வாசலில்.

மற்ற வரிகளை நான் பாமினியில் அடித்தேன்.
அதில் கொம்பை முதலில் தட்டவேண்டும்,
கை பழகிவிட்டது.
இந்த ஒரு சொல் மட்டும்
அவர்கள் போனில் அனுப்பியது; அப்படியே ஒட்டினேன்.
ழு தப்பிவிட்டது. து-வும்.
டு-வுக்கு அடியில் முடிச்சு, சு-வுக்கு இறங்கும் கோடு,
கு-வுக்கு முதுகைச் சுற்றி வளைவு.
ஒரே உகரம், ஆளுக்கு ஆள் ஒட்டும் விதம் வேறு:
இவ்வளவும் யாரோ கற்றுக்கொடுத்த மென்பொருளுக்கு
பின்னால் ஒலிப்பது
முன்னால் போய் நிற்கும் என்று மட்டும்
சொல்லாமல் விட்டிருக்கிறார்கள்.

பதாகை எடுக்க இருவர் வந்தார்கள்.
செவனம்மா குனிந்து பார்த்தாள்.
"என்னா தம்பி, கானா வெளிய நிக்குது?"

லொறிக்கு இன்னும் அரைமணி நேரம்.
மின்சாரம் பத்துக்குத்தான் வரும்.

"ரெண்டு கிலோ கொறஞ்சா நாங்களும் இப்புடித்தான்.
மலைக்கு வந்திருப்போம்.
பேரு பாதிதான் விழும்."

யோகமலர் வெட்டுக்கத்தி கேட்டாள்.
வட்டத்தை அறுத்து எறிந்தாள்.
க-வைச் சதுரமாகப் பெயர்த்து
கொம்புக்கும் காலுக்கும் நடுவில் பொருத்தி
பெருவிரலால் ஒரு அமுக்கு,
இரண்டிலைக்கு நடுவே
குருத்தைத் தேடிப் பழகிய விரல்.
பின்பக்கம் நான் டேப் ஒட்டினேன்,
மூன்று சுற்று.

க இருந்த இடத்தில் ஓட்டை.
வெள்ளைத் துண்டு தேடினேன்.
"விடு தம்பி, காத்துப் போவட்டும்.
இல்லாட்டி நோர்வூட் போறதுக்குள்ள
கிழிஞ்சிடும்."

டிக்கோயாப் பக்கம் லொறி திரும்பும்போது
ஓட்டை வழியே யாரோ ஒருத்தியின்
சிவப்புக் குடை தெரிந்தது.
அதற்குப் பக்கத்தில்
முழுசாக, கொஞ்சம் சாய்ந்து:
கொழுந்து குறைந்தால் அரைப்பேரா?

மின்சாரம் வந்ததும் கோப்பைத் திருத்தினேன்.
என்ன பெயரில் சேமிப்பது என்று கேட்டது.
அடித்தேன்.
பெயரிலும்
அதே வட்டம்.