ஏழாம் துளை

இரவு பதினொன்று. மேலப்பாளையத்தில்
பாளையங்கால்வாய்க்கு ரெண்டு தெரு தள்ளி,
கடையெல்லாம் அடைத்த சந்தில்
மூன்று காலில் நிற்கிறது துளைபோடும் எந்திரம்.
மீராசா பிடியைத் திருப்ப
நான் டார்ச் பிடிக்கிறேன்.

தார். தாருக்குக் கீழே ஜல்லி.
ஜல்லிக்குக் கீழே இன்னொரு தார்,
அதற்கும் கீழே ஒரு தார்.
தேர்தலுக்கொரு சட்டை மாட்டி
பழையதைக் கழற்றாமலே கிடக்கிற தெரு.

அரை மீட்டரில் செங்கல் தூள், ஒரு சோடா மூடி.
முக்கால் மீட்டரில் சாம்பல்.
ஒரு மீட்டர் பத்தில்
குழாய் வாயிலிருந்து நழுவி விழுந்தது
பெருநாள் கைலியின் நீலம்.

படிவத்தில் நிறத்துக்கு நான்கே கட்டம்:
கறுப்பு, பழுப்பு, சிவப்பு, சாம்பல்.
ஓரத்து வெள்ளையில் ‘நீலம்’ என்று எழுதினேன்.
நகராட்சி வரைபடம் இந்த இடத்தைக்
குடியிருப்பு என்கிறது. பழைய வரிப்பேரேடு
சாயப்பட்டறை என்கிறது,
பிறகு பேட்டரிக் கடை,
பிறகு பதினோரு வருஷம் ‘காலி’.
காலி என்றால் ரசீது கிழிக்கவில்லை என்று அர்த்தம்,
மண்ணுக்குள் ஒன்றும் ஊறவில்லை என்றல்ல.

முகர்ந்து பார்க்கக் கூடாதென்பது விதி.
மூக்கு விதி படித்ததில்லை.
மண்ணெண்ணெய், அழுகிய முட்டை,
எல்லாவற்றுக்கும் அடியில் லேசாக ஒரு இனிப்பு.
நாற்றத்தை நம்பலாம், இனிப்பை நம்பாதே
என்பான் ஆய்வகத்துக் கிதியோன்.
கண்ணாடிக் குப்பியில் அடைத்து
மீன் மார்க்கெட்டில் வாங்கிய ஐஸுக்குள் புதைத்தேன்.
ஒரு பூனை
பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தது,
பிறகு என்ன நினைத்ததோ, போய்விட்டது.

போன் வந்தது.
“மூணு மீட்டர் தள்ளிப் போட்டுருங்க மேடம்,
எல்லாம் ஒரே ரோடுதானே.”
ஒரே ரோடுதான்.
சரி என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல்
சிக்னல் இல்லை என்று சொன்னேன்.
அவ்வளவுதான் என் வீரம்.

லாரிக்காரர் சேர்மதுரை
பீடி பற்ற வைத்தபடி பையிலிருந்து
ஒரு சிகரெட் அட்டையை எடுத்துக் காட்டினார்:
தோண்டுகிற மண்ணுக்கு முன்பதிவு.
மச்சான் வீட்டுக் கடக்கால் பத்து லோடு,
தருவைப் பக்கம் ஒரு பிளாட் ஆறு லோடு,
பால்வாடிப் பள்ளம் ரெண்டு, தர்மத்துக்கு.
“மண்ணுக்கு எங்கயும் கிராக்கிதான் மேடம்.”
முடிவு வர பதினாலு நாள்.
தோண்டுவது திங்கட்கிழமை.

மாடி ஜன்னல் திறந்தது. ஜைத்தூன் பீவி.
“ஏ பிள்ளே, ரெண்டு வண்டி
எங்க கொல்லையில தட்டிரச் சொல்லேன்,
மழைக்கு முழங்கால் தண்ணி நிக்கி.”
வேண்டாம்மா, இந்த மண்ணு சரியில்ல போலிருக்கு.
“சரியில்லயா?
இம்புட்டு வருசமா இதுக்கு மேலதான கெடக்கோம்?”

மூடிக் கிடந்தது, அதனால் பெரிய பாதகமில்லை,
தூசி பறக்கவில்லை, யாரும் கைவைக்கவில்லை
என்று பாடம் மாதிரி ஆரம்பித்தேன்.
திறக்கப் போவது நாங்கள்தான்
என்கிற இடத்தில் வாக்கியம் நின்றுவிட்டது.
அவள் விடவில்லை.
“அப்ப எங்க அடிபம்பு?”

அடிபம்புக்குப் படிவத்தில் கட்டமே இல்லை.
துளை ஏழில் தண்ணீர் தட்டியது
ரெண்டு மீட்டர் முப்பதில்.
பம்பு அங்கிருந்து
என் காலடியில் இருபத்தாறு.

மீராசா துளையைச் சிமெண்டால் அடைத்துக்கொண்டிருந்தான்.
மிச்சமிருந்த ஒரு குப்பியோடு
செருப்பை வாசலில் விட்டு உள்ளே போனேன்.
அவள் அடித்தாள், நான் பிடித்தேன்.
டார்ச் வெளிச்சத்தில் தெளிவாகத்தான் இருந்தது,
பக்கத்துச் செம்பில் இருந்த தண்ணீரைப் போலவே.

லேபிளில் எழுதினேன்:
ஏழு – அ. பம்புத் தண்ணீர். இரவு 12.40.
அனுப்புபவர் என்ற இடத்தில்
கம்பெனி பெயர் போட வேண்டும்.
ஜைத்தூன் பீவி என்று போட்டேன்.